பந்தி மிச்சம்

எந்தக் கழிவிலிருந்து எவ்வளவு எரிவாயு வரும் என்று சோதிப்பது என் ஆராய்ச்சி. ஏனாத்தூர் விடுதிச் சாப்பாடு, கோயில் பூமாலை எல்லாம் சோதித்தாயிற்று. கல்யாணப் பந்தி மிச்சம் மட்டும் பாக்கி. கேட்ட மண்டபங்களிலெல்லாம் விரட்டிவிட்டார்கள். என் முகராசி அப்படி.

இன்று காஞ்சிபுரத்தில் விரட்டாத மண்டபம் ஒன்று அமைந்தது. காலை டிபன் முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி, லேப் கோட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். எச்சில் இலைகளிலிருந்து பொங்கலை வழித்து டப்பாவில் போட்டேன்.

"ஐயே, இன்னாபா இது! பசிச்சா உள்ள வந்து துன்ன வேண்டியதுதானே?" அப்போதுதான் வாலாஜாபாத் பஸ்ஸில் வந்திறங்கிய ஓர் அம்மாள் பதறினார்.

"பசிக்கு இல்லமா, கேஸுக்கு."

"எச்சில் துன்னா கேஸ் வராம இன்னா பண்ணும்?"

நான் விளக்குவதற்குள் இட்லியும் வடையும் கொண்டுவந்து கையில் திணித்தார். "துன்னுபா. நான் பொண்ணுக்குப் பெரியம்மா. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வடையைக் கடித்தேன்.

பெண்ணின் அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். "இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க மாப்ளே? துளசி மணையில குந்திக்கினு இருக்குது, வந்து தாலியக் கட்டுங்க!"

பெரியம்மா டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஐயோ, துளசி!" என்றார்.