பொருந்தாத நிறம்

"நான் நிறம் பார்க்கிற ஆளே இல்லைம்மா" என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்று வரவேற்பாளருக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஆனா பல் ஆஸ்பத்திரிக்குள்ள நுழையறவங்க முதல்ல பார்க்கிறது உன்னைத்தானே? அந்த சீட்ல கொஞ்சம் பளிச்சுன்னு ஒரு ஆள் இருந்தா நல்லது. நீ ஃபைல் ரூமைப் பார்த்துக்கோ."

ஃபைல் ரூமுக்குப் போனவர்கள் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் வேலையில் நீடித்ததில்லை. வாசல் சீட்டில் அவள் எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். பல்வலிக்காரர் வாயைத் திறக்கும் முன்பே, வீக்கத்தைப் பார்த்து எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று முடிவு செய்துவிடுவாள்.

பளிச்சென்ற ஆள் யார் என்பது ஒன்றும் ரகசியமில்லை. மேனேஜரின் அண்ணன் மகள். ஒரு வாரமாகப் பக்கத்து நாற்காலியில் வேலை பழகுகிறாள். சுண்டினால் ரத்தம் வரும் நிறம். அவளுக்கு 'ட்யூப்லைட்' என்று பெயர் வைத்தது வரவேற்பாளர்தான்.

"வெளுப்பா இருக்கிறதுகளுக்கே மண்டைக்கனம் ஜாஸ்தி. மண்டைக்குள்ளே ஒண்ணும் இருக்காது" என்றாள் நர்ஸிடம். வரவேற்பாளரும் நிறம் பார்க்கிற ஆள் இல்லை.

விஷயம் பெரிய டாக்டர் வரைக்கும் போனது. "திங்கட்கிழமை ரெண்டு பேரையும் உட்கார வைங்க. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் சும்மா இருப்பாரா? எந்த முகத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்று சொல்கிற ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார். நியாயமாக நடந்துகொள்கிறாராம், அதனால் இரண்டு பேருக்குமே ஆலோசனை.

ஆலோசகர் இருவரையும் முகம் கழுவச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கழுத்தடியில் வண்ணத் துணிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

"யாரும்மா உங்களை வெளிர் ரோஸ் போடச் சொன்னது?" என்றார் வரவேற்பாளரிடம்.

"எல்லாரும்தான் மேடம். கருப்பா இருக்கிறவங்க அடிக்கிற கலர் போடக் கூடாதுன்னு."

"அவங்களுக்கு முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணணும். நீங்க அடர் சிவப்பு போட்டுட்டு வாங்க."

திங்கட்கிழமை அவள் அடர் சிவப்பில் வந்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வாட்ச்மேன் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார்.

பின்னாலேயே ட்யூப்லைட் வந்தாள், தலை முதல் கால் வரை கடுகு மஞ்சளில். மேனேஜர் ஓடிவந்தார்.

"வேற டிரஸ்ஸே கிடைக்கலையா உனக்கு?"

"இது எனக்குப் பிடிச்சிருக்கு சித்தப்பா."

வரவேற்பாளர் சிரிப்பை அடக்க அப்பாயின்ட்மென்ட் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பெரிய டாக்டர் வந்தார். நேராக அந்தப் பெண்ணிடம் போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா காய்ச்சல்? மஞ்சள் காமாலை மாதிரி இருக்கே. முதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வா, பல்லை அப்புறம் பார்க்கலாம்."

"டாக்டர், இது... என் அண்ணன் பொண்ணு" என்றார் மேனேஜர். "வரவேற்புக்கு..."

"வரவேற்புக்கா? வர்றவங்க வாசலோட திரும்பிடுவாங்க!" டாக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். "இவங்களைப் போடுங்க. என்ன களையான முகம்! இதுக்கு முன்னாடி எங்கேம்மா வேலை பார்த்தீங்க?"

"இங்கேதான் டாக்டர். எட்டு வருஷமா."

டாக்டர் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தவராக உள்ளே போய்விட்டார். மஞ்சள் காமாலை கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது. போகும்போது இந்தப் பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. வரவேற்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியம் ஆலோசகர் தன் துணிப்பெட்டியை எடுத்துப்போக வந்தார்.

"மேடம், உங்களாலதான் என் வேலை தப்பிச்சுது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் வரவேற்பாளர். "அந்தப் பொண்ணைப் பார்த்திருக்கணும் நீங்க! நாலு நாளைக்கு முன்னாடி நீங்க சொன்னதைக்கூட ஞாபகம் வெச்சுக்கத் தெரியலை. கடவுள் கலரைக் கொடுத்தார், அறிவைக் கொடுக்கலை."

ஆலோசகர் சிரிக்கவில்லை.

"அது மறக்கலைம்மா. நேத்து எனக்குப் போன் பண்ணி, 'எனக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தாத கலர் எது மேடம்'னு கேட்டுச்சு. இத்தனை வருஷத்துல என்கிட்ட அப்படிக் கேட்ட ஒரே ஆள். 'அந்த அக்கா சீட்டு எனக்கு வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிட்டேன், சித்தப்பா காதுல போட்டுக்கலை. அக்காகிட்டயாவது சொல்லலாம்னா, ஒரு வாரமா அவங்க என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறாங்க'ன்னுச்சு."