மூன்று சேலைப் பாவு தூரம்

லீவு முடிந்து பட்டாளத்துக்குக் கிளம்பும் காலையில், பரமசிவம் தன் மனைவி இந்திராணியின் வளையலில் இரண்டு பட்டிழைகளைக் குறுக்கே கட்டி ஒற்றைக் கண்ணருகே பிடிக்கிறான். பிள்ளையார்பாளையத் தெரு நெடுக, சேலை நெய்வதற்காக நீளவாக்கில் விரித்த பட்டு நூல் பாவு இளவெயிலில் மினுங்குகிறது. அதன் மறுமுனையில் நிற்கும் பக்கத்து வீட்டுத் தணிகாசலம் இழைகளுக்கு நடுவே அடங்குகிறார். "துப்பாக்கிக் கண்ணாடியில இப்படித்தான் கோடு இருக்குது. ஆள் எவ்ளோ அடங்குறான்னு பார்த்து தூரம் சொல்லணும்." "இதுக்குப் போயி கண்ணாடியா? மூணு சேலைப் பாவு, அவ்ளோதானே தூரம்!" இந்திராணி சிரிக்க, அவனும் சிரித்துவிடுகிறான். "அங்க நடுவுல எவனும் பாவு விரிச்சு வெக்க மாட்டான்மா. கண்ணாடியில ஒரு திருகு இருக்குது. திருப்பினா ஆள் பெரிசாவான், கோடு அப்படியே இருக்கும். அதை மறந்தா, தூரத்துல இருக்கறவன் கிட்ட இருக்கறதா கணக்கு வந்துடும்." இப்போது அவள் சிரிக்கவில்லை. "ஏங்க, எதிரி கையிலயும் இந்தக் கண்ணாடி இருக்குமா? எவ்ளோ தூரத்துல இருப்பான்?" முடிச்சு இறுகியிருக்கிறது; அவன் பல்லால் கடித்து அவிழ்க்கிறான். "தள்ளித்தான் இருப்பான்" என்கிறான், வளையலைப் பார்த்தபடி. பரமசிவம் குண்டு பாய்ந்து இறந்ததாக மார்கழியில் வரும் தந்தியில் ஊர் இருக்கிறது, தேதி இருக்கிறது. எவ்வளவு தூரத்திலிருந்து என்று இல்லை. அன்றைக்கும் தெருக்குழாயில் தண்ணீர் வழக்கமான நேரத்துக்கே வருகிறது.