சத்தம் வராத கீபோர்டு

"கேமராவைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க தம்பி. எழுதணும். அம்புட்டுத்தான்" என்றார் அந்த அம்மா.

டவுன்ஹால் ரோட்டில் செல்போன் கடைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அசோக்குமாரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் ரங்கநாயகி.

"எம்புட்டு எழுதுவீங்க மேடம்?"

"தினம் பத்துப் பக்கம். தமிழும் வரணும், இங்கிலீஷும் வரணும். பாதியில நின்னுறக் கூடாது."

மூன்று போன்களை எடுத்து வைத்தான். மூன்றிலும் நீளமாக அடித்தார், நடுவில் ஒரு வரியை அழித்தார், இன்னொரு வரியை மேலே தூக்கிப் போட்டார். "இது ரெண்டும் திணறுது" என்று இரண்டைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்துக்கொண்டார்.

"அடுத்து, மடக்குற கீபோர்டு. அடிச்சாச் சத்தம் வரக் கூடாது."

"லேசா வரத்தான் மேடம் செய்யும்."

"வரவே கூடாது. அடுத்த ரூம்ல இருக்கிறவங்களுக்குக் கேட்கக் கூடாது."

ஒவ்வொரு கீபோர்டையும் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். ஐந்தாவதாக எடுத்த குட்டிக் கீபோர்டு பிடித்தது. "அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால அடங்கிரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அசோக்குமாருக்கு மூக்கில் வேர்த்தது.

"வேலைகளைக் குறிச்சு வைக்க ஒரு ஆப் போட்டுக் குடுங்க. நேரம் வந்தா ஞாபகப்படுத்தணும். ஆனா மணி அடிக்கக் கூடாது, அதிர்ந்தாப் போதும்."

போட்டுக் கொடுத்தான். சோதித்துப் பார்க்க அவரே மூன்று வரி அடித்தார். அவன் எட்டிப் பார்த்தான். எட்டிப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இந்த விஷயத்தில் அவன் நம்மைவிட ஒன்றும் மோசம் இல்லை.

2.30 – அவர் தூங்கியதும் ஆரம்பிக்கணும்.

4.00 – அனுப்பிட்டு எல்லாத்தையும் அழிச்சிரணும்.

4.15 – அவருக்குக் காபி.

அந்த நேரம் பார்த்து ரங்கநாயகியின் பழைய போன் அடித்தது. சௌராஷ்டிர மொழியில் பேசினார். அசோக்குமாருக்குப் புரிந்தது 'கூடலழகர்' என்ற பெயர் மட்டும்தான். கடையில் நின்றுகொண்டு கோயிலில் இருப்பதாகப் புருஷனிடம் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க அதுவே போதுமானதாக இருந்தது.

அவர் போனதும் பில் போடும் தமிழ்வாணியிடம் வந்தான். "பார்த்தீங்களாக்கா, இந்த வயசுல? புருஷன் அசந்ததும் ஆரம்பிச்சிருவாங்களாம்."

"உனக்கென்ன வந்துச்சு? யாவாரத்தைப் பாரு."

"இல்லக்கா, அந்த மனுஷனை நினைச்சாப் பாவமா இருக்கு."

உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டு விவகாரம் என்றால் நமக்கெல்லாம் இரக்கம் கொஞ்சம் கூடுதலாகவே சுரக்கும்.

மூன்றாம் நாள் காலை அந்த மனுஷனே வந்து நின்றார். அறுபது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இடது கையால் ஒரு பில்லை எடுத்து மேசையில் வைத்தார்.

"என் பேரு சீதாராமன். என் சம்சாரம் ரங்கநாயகி இந்தக் கீபோர்டை இங்கதான வாங்கினா?"

நியாயத்தைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று அசோக்குமார் முடிவு செய்தான்.

"ஆமா சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சத்தமே வரக் கூடாதுன்னு கேட்டு வாங்குனாங்க. நீங்க தூங்குனப்புறம் எழுதுவாங்க போல. அனுப்பிட்டு அழிச்சிருவாங்க."

"தெரியும்."

அசோக்குமார் விழித்தான்.

"நான் கோர்ட்ல ஒரு வக்கீலுக்கு மனு டைப் பண்றவன் தம்பி. முப்பது வருஷம். ஆறு மாசம் முன்னாடி பக்கவாதம் வந்துருச்சு. நடை திரும்பிருச்சு, இந்தக் கை திரும்பல."

வலது கை மடங்கினபடியே இருந்தது. அவன் அப்போதுதான் அதைக் கவனித்தான்.

"வக்கீல் என் வேலையை யாருக்கும் குடுக்கலை, சீட்டைக் காலியா வச்சுக்கிட்டு எனக்காகக் காத்திருக்காருன்னு அவ தினம் காலையில சொல்றா. நெசத்துல, மனு எல்லாம் எனக்குப் பதிலா அவதான் அடிச்சு அவருக்கு அனுப்புறா. மொதல்ல ஒரு பழைய கீபோர்டு வச்சிருந்தா. அடுப்படியில என்ன சத்தம்னு கேட்டா, கடலை உடைக்கிறேன்னு சொல்லுவா. ரெண்டு மாசமா உடைக்கிறா, கண்ணுல ஒரு கடலை படலை."

தமிழ்வாணி சிரித்துவிட்டு, உடனே குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள்.

"சத்தத்தை வச்சே சொல்லிருவேன் தம்பி, எந்த எழுத்தைத் தேடி நிக்கிறான்னு. கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு அதைத்தான் கேட்டுட்டு இருப்பேன். முந்தாநாள்ல இருந்து அதுவும் இல்லை."

அசோக்குமாருக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அதைத் திருப்பிக் குடுக்கணுமா சார்?"

"மாத்தணும். நேத்து அவ குளிக்கப் போனப்ப எடுத்துப் பார்த்தேன். கீயெல்லாம் இம்புட்டுச் சின்னதா இருக்கு. தினம் பத்துப் பக்கம் அடிச்சா மணிக்கட்டு போயிரும். அதே மாதிரி சத்தம் வராததா, கொஞ்சம் பெருசாக் குடு. மேற்கொண்டு ஆகுறதை நான் தாரேன். அவளுக்குப் போன் பண்ணி, தப்பான மாடலைக் குடுத்துட்டோம், வந்து மாத்திக்கங்கன்னு நீயாச் சொல்ற மாதிரி சொல்லிரு."

அவர் கண் முன்னாலேயே அசோக்குமார் போன் செய்தான். கடையின் தப்புதான் என்று இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டான். ரங்கநாயகி சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

போனை வைத்த பிறகும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கு சார் இம்புட்டுச் சுத்து? எனக்குத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, அவங்களும் ஒளிஞ்சுக்கிடாம நிம்மதியா உட்கார்ந்து அடிப்பாங்கள்ல?"

"சொல்லலாம் தம்பி" என்றார் சீதாராமன். "அப்புறம் என் சீட்டு காலியாவே இருக்குன்னு தினமும் காலையில எனக்கு யாரு சொல்லுவா?"