காலிப் பணியிடம்

பிற்பகல் வெயில் சன்னல் திரையின் கிழிசல் வழியாக விசைப்பலகைமேல் விழுகிறது. ஆற்றில் வெள்ளம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி மாதிரியை நாலு வருஷமாகக் கட்டியவள், ஒப்பந்தம் முடியப்போகும் தன் வேலைக்கே ஆள் தேடும் விளம்பரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பேராசிரியர் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுகிறார். "உன்னைவிட இந்த வேலையைப் பத்தி யாருக்கும்மா தெரியும்?" முனைவர் பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்ற வரியில் அவள் விரல் நிற்கிறது. அவளுக்கு ஆறு ஆகிவிட்டது. "அப்ப நானே இதுக்கு விண்ணப்பிக்க முடியாதே சார்." "ரூல்ஸ்மா, நான் என்ன பண்றது? வர்றவருக்கு ஒரு வாரம் கூட உக்காந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போ." மூலையில் கணினி இரைகிறது. பக்கத்துத் திரையில் அவளுடைய மாதிரியில் ஆறு நீலமாகக் கரை தாண்டுகிறது. பணி விவரம் என்ற இடத்தில் அவள் எழுதுகிறாள்: முன்பிருந்தவர் கட்டிய மாதிரியை இயக்குதல். பேராசிரியர் குனிந்து படிக்கிறார். "முன்பிருந்தவர் எல்லாம் எதுக்கு? மாதிரியை இயக்குதல், அது போதும். மிச்சத்தை அழிச்சிடும்மா." அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளுகிறாள். "நீங்களே அழிங்க சார்." கொஞ்சமும் கூச்சமில்லாமல் அவர் உட்காருகிறார். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறார். கட்டிய என்ற சொல்லும் போகும்வரை அவள் கண்ணை எடுக்காமல் நின்று பார்க்கிறாள்.