காலியாக விட்ட கட்டம்

முதியோர் இல்லத் திரைகளில் பிள்ளைகளின் முகத்தோடும் குரலோடும் பேசும் செயலியை எழுதியவன் நன்மாறன். பெற்றோரின் பெயர், நோய், பிடித்த பலகாரம் என்று பிள்ளைகள் அனுப்பும் விவரங்களை வைத்துத்தான் அது பேசும். நோய்க்கான கட்டத்தைக் காலியாக விட்டால், 'சர்க்கரை' என்று தானே எடுத்துக்கொள்ளும்.

அப்படியோர் இல்லத்தில் விட்டிருந்த அம்மாவை இரண்டு வருடம் கழித்து நேரில் பார்க்கப் போனான்.

"அம்மா" என்றான்.

"சர்க்கரை குறைஞ்சிருக்குப்பா" என்றாள் அவள், சுவர்த் திரையின் பக்கம் திரும்பி.

நர்ஸ் அவன் காதோரம் சொன்னாள்: "அவங்களுக்குச் சர்க்கரையே இல்ல சார். தினமும் திரையில நீங்க அதையே கேக்குறீங்கன்னு, உங்க மனசு நோகாம இப்படிச் சொல்றாங்க. கண்ணுதான் போயிடுச்சு."

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டது அவனுக்கு நினைவு வந்தது. தாளமுடியாமல் அம்மாவின் கையைப் பற்றினான்.

அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாரது, கையைத் தொடுறது? கொஞ்சம் இருங்க, என் பையன் பேசிக்கிட்டிருக்கான்."