சுண்ணாம்புச் சுவரில் ஒரு படம்

விடுதி அறையின் கட்டில்மேல் ஏறி நின்று அக்கா குடும்பப் படத்தைச் சுவரில் ஒட்டுகிறாள். படிப்பை விட்டு வீட்டுக்கு ஓடிவந்த தம்பியை அவள்தான் திரும்ப அழைத்து வந்திருக்கிறாள். மேசை விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாயிற்று. நேராக அடிக்கும் வெளிச்சம் எதையும் உறுத்தலாகக் காட்டும். சுவரில் பட்டுத் திரும்பினால் பரவிவிடும். இப்போது கட்டிலின் துருகூட மென்மையாகத் தெரிகிறது. புதுத் திரை, கால்மிதி, வீட்டுத் தலையணை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. தம்பி மட்டும் பூட்டிய பெட்டியின் பிடியை விடாமல் கதவருகே நிற்கிறான்.

"துரை பெட்டியைத் திறக்க மாட்டீங்களோ? அதுக்கும் நான்தான் வரணுமா?" என்று அக்கா கிண்டலாகக் கேட்கிறாள். அவன் சிரிக்கவில்லை. படத்தின் மேல்மூலை மெல்லப் பிரிந்து வளைகிறது. சுண்ணாம்புச் சுவரில் அப்படித்தான் ஆகும். பசை சுவரைப் பிடிப்பதில்லை, சுவரின் மேலிருக்கும் தூளைத்தான் பிடிக்கிறது. படம் தன் கனத்தால் இழுக்கும்போது தூளும் கூடவே வந்துவிடுகிறது. அக்கா உள்ளங்கையால் அழுத்துகிறாள். "என்னால இங்க முடியலக்கா. வீட்டுக்கு வந்த அன்னைக்கே அழுதுகிட்டுச் சொன்னேன்ல. உன்கூடவே வந்துடறேன்கா." கீழே அவளை ஏற்றிப்போக வந்த கார் ஹாரன் அடிக்கிறது. அவள் திரும்பவில்லை. "படம் நேரா இருக்கா பாரு," என்கிறாள் சுவரிடம். "இருக்குக்கா." கையை எடுத்தால் விழுந்துவிடும் என்று இருவருக்கும் தெரிகிறது. ஹாரன் மறுபடி ஒலிக்கிறது. அவள் கையை எடுக்காமல் நிற்கிறாள்.