பல் தெரிந்த படம்

எழுவைதீவின் சின்னப் பள்ளிக்கூடமொன்றின் அதிபர் தனுசியா, போன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் உதவி கேட்டு எழுதிய கடிதத்துக்கு, வெளிநாட்டு ஊர்ச்சங்கம் இன்றுதான் சூமில் கூடி முடிவு சொல்கிறது.

"ரீச்சர் அனுப்பின படத்தைப் பாத்து எனக்குக் கண் கலங்கிப் போச்சு," என்று தொடங்கினார் கனடாத் தலைவர் கோபிசங்கர். "நாப்பது பிள்ளையள், ஒண்டுக்காவது பல்லு வெள்ளையே? வீட்டுக்கொரு வோட்டர் புளோசர் குடுப்பம். பல்லிடுக்கைத் தண்ணி பீச்சிக் கழுவிற மெசின்."

"கையில பிடிக்கிறதோ, மேசையில வைக்கிறதோ அண்ணை?" என்றார் லண்டன் செயலாளர்.

"மேசையில வைக்கிறதுதான். அதிலதான் எங்கட சங்கத்தின்ர பேரைப் பெரிசா ஒட்டலாம்."

எந்த நிறம் என்பதில் அரை மணி நேரம் போயிற்று. கையை உயர்த்தியபடியே இருந்த தனுசியாவைக் கடைசியில் பேச விட்டார்கள்.

"அண்ணை, இதுக்குத் தண்ணி வேணுமே?"

"ஓம், ஒருக்காக் கழுவ அரை லீற்றர். நல்ல தண்ணியா விடுங்கோ. உப்புத்தண்ணி மெசினைப் பழுதாக்கிப்போடும்."

"படத்தில பிள்ளையளுக்குப் பின்னால நிண்டதைக் கவனிச்சனீங்களே? கடிதத்திலயும் எழுதினனான்."

"கடிதத்தை ஆர் வாசிச்சது? படமே போதுமெல்லோ. பின்னால கறுப்பா என்னவோ நிண்டது. பல்லு வடிவாத் தெரியட்டுமெண்டு அதை வெட்டிப்போட்டுத்தான் எல்லாருக்கும் அனுப்பினனான்."

அது, வெடித்துப் போன குடிதண்ணீர்த் தாங்கி.

'நல்லாச் சிரியுங்கோ, அப்பதான் புதுசு தருவினம்' என்று பிள்ளைகளை அதற்கு முன்னால் நிறுத்தியது தனுசியாதான்.